உலகம்மாள் விட்ட இடம்

ஆவுடையப்பன் தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் ஆட்காட்டி விரலை உயர்த்திக் காட்டினாள். விரல் நுனியில் நாடித்துடிப்பு பார்க்கும் கிளிப்பை மாட்டியிருந்தார்கள், அதற்குள் ஒரு சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க், இடது காதில் இயர்போன், வலது காது அவருக்காகத் திறந்து கிடந்தது. கையில் பிளாஸ்க்கோடு கதவருகே நின்று, "காப்பி வாங்கிட்டு வந்துருதேன் உலகு" என்றார். அவள் கண்ணைத் திறக்கவில்லை, விரலை மட்டும் தூக்கினாள். பாட்டில் லயித்துக் கிடக்கிறாள், பேசாதே என்கிறாள் என்று எண்ணிக்கொண்டு சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினார். கேண்டீனில் பால் இன்னும் காயவில்லை. திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்திருந்தார்கள், திரைக்குக் கீழே நர்ஸுகளின் வெள்ளைச் செருப்புகள் தெரிந்தன. அந்த விரல் அன்றிலிருந்து இறங்கவே இல்லை. போ என்றாளா, போகாதே என்றாளா, ஒரு நிமிஷம் பொறு என்றாளா, கிளிப் இறுக்குகிறது கழற்றிவிடு என்றாளா, மேலே கூப்பிடுகிறார்கள் என்றாளா. பல் தேய்க்கும்போது வரும், ரேஷன் கடை வரிசையில் வரும், இதோ இந்தச் சனிக்கிழமைக் காலையில், சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிச் சுற்றி நிற்காமல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் வந்தது. போகாதே என்றுதான் சொல்லியிருப்பாள். அப்படி இருந்தால், காப்பிக்குப் போனவன் என்ன மனுஷன்.

வட்டம் சுற்றியது. அது அவருடைய இணையதளம்தான், அவரே கட்டியது, பெயர் 'கேட்டுப் படி'. கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை யார் யாரோ தங்கள் வீட்டில் இருந்தபடி வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார்கள், அதை அவர் ஏற்றிவைப்பார், பிள்ளைகள் போனில் கேட்பார்கள். பஸ் டெப்போவின் ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அங்கே வந்திறங்கிய முதல் கம்ப்யூட்டரை மற்றவர்கள் ஊதுபத்தி கொளுத்தி ஓரமாக வைத்தபோது, இவர் மட்டும் அதற்குள் என்ன நடக்கிறது என்று தேடத் தொடங்கினார். ஒருவரும் சொல்லித் தரவில்லை. பழைய புத்தகக் கடையில் அட்டை போன புத்தகங்களாக வாங்கி, புரியாததைப் புரியாமலே நாலு தடவை படித்து, ஐந்தாம் தடவை புரிந்துகொண்டார். அவர் கட்டியதெல்லாம் அப்படிக் கட்டியதுதான், ஓடும், ஆனால் எதனால் ஓடுகிறது என்று கேட்டால் சில இடங்களில் அவருக்கே சொல்ல வராது. இன்று ஓடவில்லை. பால் பொங்குவதற்கு முன்பே போன் வந்துவிட்டது. சங்கரன்கோவிலிலிருந்து மாரிச்செல்வி, பிறவியிலேயே கண் தெரியாதவள், இந்தத் தளத்தில் பாடம் கேட்கிறவர்களில் மூத்தவள், எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லாதவள். "சார், நல்லா இருக்கியளா? ஒங்க சைட்டு நல்லா இல்ல" என்றாள். "என்ன செய்யுது தாயி?" என்றார். "ஒண்ணுமே செய்யல சார், அதான் செய்யுது. என் போனு 'காத்திருக்கவும், காத்திருக்கவும்'னு சொல்லிக்கிட்டே இருக்கு. நான் கவர்மெண்டு வேலைக்குக் காத்திருக்கது அதுக்கும் தெரிஞ்சிட்டு போல." நாளைக்குப் பரீட்சை, அதனால் இன்று எல்லோரும் ஒரே நேரத்தில் வந்திருப்பார்கள், கூட்டமாக இருக்கும் என்று அவர் இழுத்தார். "கூட்டம்னா பஸ்ஸு மெதுவாப் போவும் சார். ஸ்டாண்டுலயேவா நிக்கும்? டெப்போல இருந்தவருக்கு நான் சொல்லணுமாக்கும்." பிறகு குரல் கொஞ்சம் தணிந்தது. "வெளையாட்டுக்குச் சொல்லுதேன்னு நெனைக்காதிய. இந்தத் தடவயும் போச்சுன்னா எங்கம்மை பூக் கட்ட உக்கார வச்சிருவா. கண்ணு தெரியாட்டியும் பூக்கட்டு வரும்னு அவளுக்கு ஒரு நெனப்பு. எனக்கு வராது சார், கனகாம்பரத்தயும் கருவேப்பிலையயும் சேத்துக் கட்டிருவேன்." அவர் சிரித்துவிட்டார், சிரித்ததே ஒரு வாக்குக் கொடுத்தது போல ஆகிவிட்டது. "மத்தியானத்துக்குள்ள சரி பண்ணித் தாரேன்" என்றார். வைக்கப் போனவள், "இன்னொண்ணு சார், ஆறாம் பாடத்துல அணைக்கட்டப் பத்திச் சொல்லிக்கிட்டே வாராவ, திடீர்னு தேக்கு மரம் நிக்கி. எனக்குத்தான் மண்டையில ஏறலயா, பாடமே அப்படித்தானா?" என்றாள். "அத பொறவு பாப்போம் தாயி, மொதல்ல வண்டி நகரட்டும்" என்று வைத்துவிட்டார்.

அதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. துடைத்துக்கொண்டே யோசித்தார், துடைக்கிற துணி உலகம்மாளின் பழைய சேலைக் கிழிசல், யோசனை அங்கே கொஞ்சம் சிக்கி நின்று, பிடுங்கிக்கொண்டு திரும்ப வந்தது. மேஜைக்கு வந்து முதலில் ஒலிக்கோப்புகளைச் சந்தேகப்பட்டார், அவைதான் பெரியவை, கனமானவை. ஆனால் ஒரு கோப்பை நேராக அதன் முகவரியில் தட்டினால் உடனே ஓடுகிறது. 'எங்களைப் பற்றி' என்ற பக்கம், நான்கே வரி, படம்கூட இல்லை, அது வர மாட்டேன் என்கிறது. கனமில்லாதது நகரவில்லை, கனமானது பறக்கிறது. போன மாதம் தளம் இதே மாதிரி இழுத்தபோது, சர்வரை வாடகைக்குக் கொடுத்தவர்கள் பெரிய மெஷினுக்கு மாறுங்கள் சார் என்றார்கள், மாறினார், ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. டெப்போவில் ஒரு டிரைவர் வண்டியில் கடகடவென்று சத்தம், என்ஜின் போச்சு என்று எழுதிக் கொடுப்பார், என்ஜினைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, கடைசியில் பின் சீட்டுக்கு அடியில் எவனோ விட்டுப்போன தகர வாளி. சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே கோளாறு இருப்பதில்லை. உலகம்மாள் அதை வேறு மாதிரிச் சொல்வாள். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள், ஆயுசில் பாதியைக் காதில் மாட்டிய குமிழோடு கழித்தவள். லைனில் இரைச்சல் என்றால் பேசுகிறவனைத் திட்டக் கூடாது, நடுவில் எங்கேயோ ஒரு பல்லி செத்துக் கிடக்கும் என்பாள். நடுவில். வாசலுக்கும் பாடத்துக்கும் நடுவில். எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார், பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடியது, மாவு ஆட்டுகிற சத்தத்தில் ஒரு நிதானம் இருந்தது, அது அவருக்கும் கொஞ்சம் வந்தது.

டேட்டாபேஸுக்குள் போய், இந்த நொடியில் நீ என்னென்ன வேலை செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டார். அது காட்டியது. மேலிருந்து கீழ்வரை ஒரே வேலை, ஒரே அட்டவணை, ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் நிற்பது முடியட்டும் என்று காத்துக்கொண்டு நின்றது. செஷன் அட்டவணை. அந்த வார்த்தையை உலகம்மாளுக்கு விளக்கப் போய் ஒரு சாயங்காலம் முழுக்க வாய் வலித்தது ஞாபகம் வந்தது. நெல்லையப்பர் கோயில் வாசலில், செருப்பு விடுகிற இடத்தில், டோக்கனைக் கையில் வாங்கியபோதுதான் அவருக்கு உதாரணம் கிடைத்தது. "இப்ப நாம உள்ள போறோம், இவருக்கு நம்ம யாருன்னு தெரியாது, டோக்கனைக் காட்டினா நம்ம செருப்பு எதுன்னு மட்டும் தெரியும். சர்வரும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் மறந்துரும். டோக்கன் குடுத்து வச்சிருக்கும். ஆளுக்கொரு பொந்து, அதுல அவங்க பேரு, எந்தப் பாடம், எங்க விட்டாங்க எல்லாம் வச்சிருக்கும்." அவள் கேட்டுவிட்டு, "செருப்பை எடுக்காமலே போறவங்க?" என்றாள். அதற்குத்தான் அடிக்கடி பழசைப் பெருக்கித் தள்ளுவோம் என்றார். "பாவம், அவன் வெறுங்காலோடயா போவான்?" என்றாள். இப்போது அவர் அந்த அட்டவணையில் எத்தனை வரிகள் என்று கேட்டார். வட்டம் சுற்றியது. பதில் வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். ஊரில் உள்ள அத்தனை பேரும் உலகத்தில் உள்ள பாதிப் பேரும் செருப்பை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மனுஷர்கள்கூட இல்லை, இணையத்தை இரவும் பகலும் மேய்ந்துகொண்டிருக்கிற தேடுபொறி எந்திரங்கள், ஒவ்வொரு தடவை வரும்போதும் புது டோக்கன் வாங்கி, புதுப் பொந்தில் ஒன்றை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போயிருந்தன. யாரும் பெருக்கவில்லை. இது போதாது என்று ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'இப்போது கேட்பவர்கள் இத்தனை பேர்' என்று ஒரு வரி வைத்திருந்தார். அந்த ஒரு வரியைக் காட்டுவதற்காக, ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் சர்வர் அந்த மலை முழுவதையும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. ஒருவனுக்கு ஒரு ஜோடி செருப்பை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் கடையில் உள்ள எல்லாச் செருப்பையும் எண்ணிப் பார்க்கிற செருப்புக் கடைக்காரன். அது போக, பாடம் கேட்கிற ஒவ்வொருவரின் போனும் சில நொடிக்கொரு தடவை, இவர் இந்த இடம்வரை கேட்டுவிட்டார் குறித்துக்கொள் என்று அதே பொந்துக்குள் கையை விடுகிறது. தேக்கு மரம் மட்டுமா நிற்கும், எல்லாம்தான் நிற்கும். சிரிப்பு வந்தது, கூடவே ஒரு தெம்பும் வந்தது, கோளாறின் முகம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் பெருக்குகிறவன் எங்கே போனான்? பெருக்கச் சொல்லி அவரே எழுதியிருந்தாரே. அந்தக் கோப்பைத் திறந்து கீழே கீழே போனார். இருந்தது. அந்த வரிக்கு முன்னால் இரண்டு சாய்ந்த கோடுகள், வேலை செய்யாதே என்பதற்கான அடையாளம். பக்கத்தில் அவருடைய குறிப்பு, தமிழில்: உலகுக்காக. தற்காலிகம்.

கிரைண்டர் நின்றது. தெருவில் கீரைக்காரி போய்க்கொண்டிருந்தாள், அவள் கூவியது காதில் விழுந்து அர்த்தமாகாமல் போனது. தற்காலிகம். நோய் வந்த முதல் வருஷம், மருந்தில் அவளுடைய விரல்கள் வெண்டைக்காய்ப் பிஞ்சிலிருந்து கத்தரிக்காயாக வீங்கியிருந்தன, போனில் ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழும். அவள் பாடம் வாசிக்கிறவள் இல்லை, வாசிக்கக் கூப்பிட்டால் என் குரல் டிரங்க் கால் குரல், பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும் என்பாள். அவள் கேட்கிறவள். வந்த பதிவுகள் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை முழுக்கக் கேட்டு, எங்கே வார்த்தை தவறியிருக்கிறது, எங்கே நாய் குரைக்கிறது, எங்கே வாசிக்கிறவர் மனசு வேறெங்கோ போய்விட்டது என்று சொல்வாள். சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். பிழை வந்தால் "ஏங்க, அவுட்டு!" என்று ஒரு குரல். அவர் எழுந்து போவதற்குள் அவள் நிறுத்தி வைத்திருப்பாள், எந்த இடம் என்று அவர் குறித்துக்கொள்வார். அந்த வேலை மட்டும் போதும் அவளுக்கு, சோறு தண்ணீர் வேண்டாம். அப்படிப்பட்டவளைத் தளம் ஒவ்வொரு நாளும் வெளியே தள்ளி, நீ யார், பாஸ்வேர்டு சொல் என்று கேட்டது. மூன்று தடவை தப்பாகப் போட்டாள், நான்காம் தடவை போனைப் படுக்கையில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். "நான் யாருன்னு ஒங்க மிஷினுக்குத் தெரியலையா? வீட்டுக்காரன் கட்டின வீட்டுல தினமும் கதவ தட்டிக்கிட்டா நிப்பாங்க? என்னைய வெளியே தள்ளாதிய." அன்றைக்கே அவர் உட்கார்ந்து அந்தக் கோடுகளைப் போட்டார். யாரையும் வெளியே தள்ளாதே. ஒருத்திக்காக மட்டும் செய்ய அப்போது அவருக்குத் தெரியவில்லை, அதனால் எல்லோருக்குமாகச் செய்தார். எந்திரங்களுக்கும் சேர்த்து. கடைசி மாதத்தில் டாக்டர் காதுக்கும் மூளைக்கும் ஓய்வு வேண்டும் என்றார். பாடம் கேட்கக் கூடாது என்று அவர் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, அந்தப் போனில் பழைய பாட்டுகளாக ஏற்றிக் கொடுத்தார். சரி என்றாள். இவ்வளவு சுலபமாகச் சரி என்கிறாளே என்று அப்போது நினைத்தார். போகாதே என்று சொல்லியிருந்தால் விரலை அப்படி நேராக நிறுத்தியிருப்பாளா, கையைத்தானே நீட்டியிருப்பாள். நீட்ட முடிந்திருக்குமா, அந்தக் கையில்தானே ஊசியும் இருந்தது.

போதும், மத்தியானத்துக்குள் என்று சொல்லியிருக்கிறோம். எழுந்து அரிசியைக் களைந்து குக்கரில் வைத்தார், கை வேலை செய்தால் தலை ஓடும். மலையை ஒரே அள்ளாக அள்ளிக் கொட்டிவிடலாம், ஒரு வரிக் கட்டளை, கண் இமைப்பதற்குள் காலி. விரல்கூட அந்தக் கட்டளையைத் தட்டத் தொடங்கிவிட்டது, பாதியில் நின்றது. பொந்துக்குள் செருப்பு மட்டுமா இருக்கிறது? ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் பாடத்தில் எந்த நொடியில் விட்டது என்பதும் அதற்குள்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை, அவர் அப்படித்தான் கட்டியிருந்தார். அதைக் கொட்டிவிட்டால் மாரிச்செல்வியும் மற்றவர்களும் பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகத்தின் முதல் வரியிலிருந்து தடவிக்கொண்டு வர வேண்டும். கண் இருக்கிறவன் பக்கத்தைப் புரட்டித் தேடிவிடுவான். அவர்களுக்கு விட்ட இடம்தான் புத்தகம். ஒரு விரலில் இருந்தது அத்தனையும். மெதுவாக, மெதுவாக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு தாளில் எழுதினார். பேர் சொல்லி உள்ளே வந்தவர்களின் விட்ட இடத்தை மட்டும் முதலில் எடுத்து, அதற்கென்று ஒரு சின்ன அட்டவணை போட்டு, அதில் வைப்பது. பேர் சொல்லாமல் வருகிறவர்களுக்கு இனிமேல் டோக்கனே கிடையாது, சும்மா பார்த்துவிட்டுப் போகட்டும். பழைய வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, பிள்ளைகள் கேட்பது நடுவில் நிற்காதபடி, பிடி பிடியாக அள்ளுவது. பிறகு அந்தக் கோடுகளை எடுப்பது, பெருக்குகிறவனை மறுபடி வேலைக்குக் கூப்பிடுவது. யோசித்துப் பார்த்தால் வீடு காலி செய்வது மாதிரித்தான், முதலில் போட்டோக்களை எடுத்து வைக்க வேண்டும். விட்ட இடங்களை எடுக்கிற கட்டளை ஓடத் தொடங்கியது, குக்கர் முதல் விசில் கொடுத்தது. அடுத்த கட்டளையை எழுதினார். நீண்ட நாளாக வராதவர்களின் வரிகளை நீக்கு. எழுதி முடித்த பிறகு விரல்கள் தாமாகவே அதன் வாலில் இன்னொன்றைச் சேர்த்தன. உலகம்மாள் நீங்கலாக. என்னைய வெளியே தள்ளாதிய. ஒரு வரிதானே, ஒரே ஒரு வரி, யானைக்குச் சோளப்பொரி, அது இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம், அந்தப் பட்டியலில் அவள் இன்னும் உள்ளே இருக்கிறாள், லாகின் செய்தபடி இருக்கிறாள், அது பொய்யாக இருந்தாலும் யாருக்கும் தெரியாத பொய். போன் அலமாரியில் பேட்டரி உப்பிக் கிடக்கிறது, இனி ஒரு நாளும் அந்த டோக்கனோடு யாரும் வரப்போவதில்லை. இருந்தாலும் இருக்கட்டும்.

நீங்கலாக என்று எழுதியவர், அந்த வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா. கேட்டார். வந்தது. உள்ளே வந்தவர் உலகம்மாள். கடைசியாகத் தொட்ட நாள். அந்த நாளைப் பார்த்து, தப்பாக இருக்கும் என்று நினைத்தார். அந்த நாள்தான். அந்தக் காலைதான், அவர் பிளாஸ்க்கோடு கதவருகே நின்ற வேளைதான். பாடம், ஆறு. விட்ட இடமும் இருந்தது. அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். பாட்டு இல்லை. அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சத்தியம் பண்ணிவிட்டு, மாஸ்க்குக்கு அடியில், அவர் ஏற்றிக்கொடுத்த பாட்டையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரு காதில் பாடத்தை ஓடவிட்டுக்கொண்டு, மற்றக் காதில் அவருடைய பேச்சுக்கு ஊம் கொட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள். "அடி கள்ளி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார், வீட்டில் அந்தக் குரல் யாருடையதோ போலக் கேட்டது. ஆறாம் பாடம். மாரிச்செல்வி சொன்ன ஆறாம் பாடம். ஒலிக்கோப்பை நேராகத் திறந்து, உலகம்மாள் விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் வைத்து, இயர்போனை எடுத்தார், எதற்கு என்று தெரியாமல் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டார். வாசிக்கிற பெண் நல்ல குரல்காரி, நிறுத்தி நிதானமாக அணைக்கட்டைப் பற்றி வாசித்துக்கொண்டு வந்தாள். மழைக்காலத்தில் பெருகிவரும் வெள்ளநீரைத் தேக்கி வைத்து, கோடையில் வாய்க்கால்கள் வழியாக, தாள் புரளும் சத்தம், மூச்சு, ஆகிய மரங்களும் சந்தனமும் தேக்கும் இக்காடுகளில் மிகுதியாகக் காணப்படுகின்றன. அங்கேதான் விட்ட இடத்தின் எண் நின்றது. அங்கேதான் அவள் நிறுத்தியிருந்தாள். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டிருக்கிறது, வாசித்தவளுக்குத் தெரியவில்லை. நடுவில் இரண்டு பக்கம் இல்லை. நடுவில் ஒரு பல்லி செத்துக் கிடக்கிறது. ஆவுடையப்பன் மறுபடி கேட்டார். வாய்க்கால்கள் வழியாக, தாள், மூச்சு, ஆகிய மரங்களும். சமையலறையில் கீரை ஆய்கிற கை நிற்கிறது, மடியில் கிடக்கும் போனை ஒரு கை நிறுத்துகிறது, மற்றக் கையில் ஒரு விரல் கிரிக்கெட் நடுவரைப் போல நேராக மேலே போகிறது, அவர் வந்து பார்க்கும்வரை இறங்காமல் அப்படியே நிற்கிறது, எத்தனை தடவை பார்த்த விரல், ஏங்க, அவுட்டு. மாஸ்க் போட்ட வாயால் குரல் கொடுக்க முடியாது. விரலைத்தான் காட்ட முடியும். கிளிப்பும் சிவப்பு வெளிச்சமும் மாட்டிய விரலை அவர் எப்படி அடையாளம் காண்பார். போ என்றும் இல்லை, போகாதே என்றும் இல்லை. அவள் அவரைத் தடுக்கவும் இல்லை, வழியனுப்பவும் இல்லை. பிழையைப் பிடித்துவிட்டாள், அவ்வளவுதான், பிடித்த சந்தோஷத்தில் இருந்தாள். குக்கர் எத்தனை விசில் கொடுத்தது என்று தெரியவில்லை. அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் எழுந்து போய் அணைத்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், அடிப்பிடித்ததைப் பார்த்து ஏனோ வாய் நிறையச் சிரித்தார்.

திரும்பி வந்து கட்டளையைப் பார்த்தார். உலகம்மாள் நீங்கலாக என்ற வால் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய விட்ட இடம் மற்றப் பிள்ளைகளுடையதோடு சின்ன அட்டவணைக்கு ஏற்கனவே போய்ச் சேர்ந்துவிட்டது, முதல் கட்டளையிலேயே, பேர் சொல்லி வந்தவள்தானே அவளும். இங்கே மிச்சம் இருப்பது டோக்கன்தான். பாவம், அவன் வெறுங்காலோடயா போவான். வாலை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார், வேகமாக அழிக்க மனசு வரவில்லை, அதற்காக நிறுத்தவும் இல்லை. தட்டினார். பிடி பிடியாக மலை இறங்கத் தொடங்கியது, அதில் எந்தப் பிடியில் அவள் போனாள் என்று பார்க்கவில்லை. கோப்பைத் திறந்து இரண்டு சாய்ந்த கோடுகளை எடுத்தார், குறிப்பையும் எடுத்தார், அது சொன்னபடி தற்காலிகமாகத்தான் இருந்தது. 'எங்களைப் பற்றி' பக்கத்தைத் தட்டினார். தட்டின விரலை எடுப்பதற்குள் வந்து நின்றது. நம்பாமல் இன்னொரு பக்கம், இன்னொன்று. கதவைத் தட்டுவதற்குள் திறக்கிற வீடு மாதிரி. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. "சார், என்ன செஞ்சிய? காத்திருக்கவும்னு சொல்லவே மாட்டேங்கு. எனக்கே ஒரு மாதிரி இருக்கு, பேச்சுத்தொணைக்கு ஆளில்லாம போச்சு" என்றாள் மாரிச்செல்வி. "செருப்ப அள்ளிப் போட்டேன் தாயி" என்றார். "என்னது?" "ஒண்ணுமில்ல. நீ விட்ட எடம் சரியா இருக்கா?" "ஒரு நொடி மாறல. ஆனா அந்தத் தேக்கு மரம் அங்கனயேதான் சார் நிக்கி." "ஒம்மேல தப்பு இல்ல, பாடத்துமேலதான் தப்பு. நடுவுல ரெண்டு பக்கம் விட்டுப்போச்சு. எங்க வீட்டு அம்மா அப்பவே கண்டுபிடிச்சுட்டா, எனக்குத்தான் இப்பப் புரிஞ்சுது." "அம்மா கேட்டா தப்பாதுல்லா சார்" என்றாள். "அந்த ரெண்டு பக்கத்துக்கு இப்ப எங்க போவேன், நாளைக்கு அதுலதான் கேப்பான், எனக்குத் தெரியும், என் ராசி அப்படி." புத்தகம் அலமாரியில் இருந்தது. வாசித்த பெண் இப்போது எந்த ஊரில் எந்த வேலையில் இருக்கிறாளோ. "நான் வாசிச்சுப் போடுதேன்" என்றார், சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு வரிகூட அவர் வாசித்ததில்லை, நாலு பேர் கேட்கிற இடத்தில் தொண்டையைக் கனைக்கவே கூசுகிறவர். "நீங்களா? சார், பரீட்சைக்கு முன்னால தூங்கிரப் போறேன்" என்றாள். "தூங்கினா கனவுல வரும், ஒழுங்காக் கேளு" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை அணைத்து, வியர்வையோடு உட்கார்ந்து வாசித்தார். ஒட்டிய தாள் இந்தப் புத்தகத்திலும் ஒட்டித்தான் இருந்தது, அச்சகத்திலேயே வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், நகத்தால் மெல்லப் பிரித்தார். முதல் வரியில் குரல் நடுங்கியது, இரண்டாம் வரியில் மதகு என்பதை மதுகு என்று வாசித்து, நிறுத்தி, அவுட்டு என்று தனக்கே சொல்லிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். வாய்க்கால்கள் வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போனது, குளங்கள் நிரம்பின, மலைமேல் காடு தொடங்கியது, தேக்குக்கு முந்தின மரங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கோங்கு, வேங்கை. எல்லாம் அங்கேதான் இருந்திருக்கின்றன, தாளுக்குள் இருட்டில், இத்தனை நாளும். அவருடைய குரல் நடுவில் சேர்ந்த பிறகு ஆறாம் பாடம் கொஞ்சம் நீண்டது. ஏற்றினார். பிறகு தன்னுடைய பேரைச் சொல்லி, தன்னுடைய பாஸ்வேர்டைப் போட்டு, எல்லோரையும் போல உள்ளே போனார். பக்கத்தின் தலையில் 'இப்போது கேட்பவர்கள்' என்ற வரி உடனே வந்தது, மலையை எண்ணாமல், இருக்கிறவர்களை மட்டும் எண்ணி. ஆறாம் பாடத்தைத் திறந்தார். தேக்கு மரம் வருகிற இடத்துக்குப் போனார், அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, அதற்கு மேல் யாரும் சரிபார்க்காமலே அது பிள்ளைகளுக்குப் போயிருந்தது. பாத்திரத்தில் அடிப்பிடிக்காத சோற்றை மட்டும் மேலாக எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார், இரண்டு காதிலும் இயர்போனை மாட்டினார், பிழை வந்தால் தூக்குவதற்கு ஒரு கையை மேஜைமேல் வைத்துக்கொண்டார். பாடம் முடிய இன்னும் பதினோரு நிமிஷம் இருந்தது.